சலென்கோ ஒருநாள் வீரரா?



கால்பந்துன்னா எல்லாரும் பீலே, மாரடோனா பேரைத்தான் சொல்றோம். நான் ரஷ்யாவின் ஒலெக் சலென்கோவைப் பற்றிச் சொல்கிறேன்.

1994-ல் அமெரிக்காவில் உலகக் கோப்பை நடந்தது. ரஷ்யா பிரேசிலிடம் 0-2, ஸ்வீடனிடம் 1-3 என்று தோற்றுப் போனது. மூன்றாவது ஆட்டம் ஜூன் 28, கேமரூனுடன். அன்று சலென்கோ ஒருத்தரே 5 கோல் அடித்தார்! ரஷ்யா 6-1 என்று ஜெயித்தது. உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் 5 கோல் போட்ட முதல் வீரர் அவர்தான்.

இருந்தும் ரஷ்யா முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆனால் மொத்தம் 6 கோல் அடித்த சலென்கோவுக்கு, பல்கேரியாவின் ஸ்டாய்ச்கோவோடு சேர்த்து, தங்கக் காலணி கிடைத்தது. ஸ்டாய்ச்கோவ் ஆடியது 7 ஆட்டம். சலென்கோ ஆடியது மூணே மூணு!

அதற்குப் பிறகு அவர் ரஷ்ய அணிக்கு ஆடவே இல்லை. அதனால் அவரை ஒருநாள் வீரர் என்கிறார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். 1989-ல் சவூதி அரேபியாவில் நடந்த இளைஞர் உலகக் கோப்பையிலும் சோவியத் அணிக்காக 5 கோல் அடித்து, அதிக கோல் போட்டவர் அவர்தானே! அந்த ஒரு நாள் சும்மா வந்துடலை.

ரெண்டு ஆட்டம் தோத்தாச்சு, இனி என்னன்னு அவர் விடவில்லை. நான் காலாண்டில் கணக்கில் மார்க் குறைஞ்சதும் விட்டுட்டேன். அது தப்பு. நமக்கும் மூன்றாவது ஆட்டம் பாக்கி இருக்கு, தோழிகளே!



– 9-ஆம் வகுப்பு மாணவி