காதால் கண்ட பக்ஷி

பக்ஷிகளை அறியக் கண் ஒன்றே போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மாந்தோப்பில் கூவும் குயிலைக் கேளாதவர் இல்லை. அதன் சிவந்த கண்ணைக் கண்டவரோ வெகு சிலர். இலைச் செறிவிலும் இருளிலும் வாழும் ஜீவன்களின் விஷயத்தில் செவியே நமக்கு வழிகாட்டி.

இதற்கு நம் அண்டை நாடாகிய இலங்கை ஓர் உத்தமமான உதாரணம் அளித்திருக்கிறது. 1995-ஆம் வருஷம் கித்துல்கல மழைக்காட்டில் தீபால் வரக்காகொட என்னும் பக்ஷி ஆராய்ச்சியாளர் இராக்காலத்தில் ஒரு குரலைக் கேட்டார். தாழ்ந்த, குறுகிய ஒற்றை ஸ்வரம், பிறகு மௌனம், ஏறக்குறைய அரை நிமிஷம் சென்றதும் மறுபடியும் அதே ஸ்வரம். தம் நாட்டுப் பக்ஷிகளின் குரல்களையெல்லாம் பழகி அறிந்த அவருக்கு அது புதிதாயிருந்தது.

அக்குரல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். மைனாவும் கிளியும் பிறரிடம் கேட்டுக் கற்பவை. ஆந்தைக்கோ குரல் பிறவியிலேயே அமைந்தது; ஒவ்வோர் இனத்துக்கும் அதுவே முத்திரை. ஆகவே, அறிந்த ஆந்தை எதனோடும் பொருந்தாத ஆந்தைக் குரல், அறியாத ஓர் இனத்தின் அறிகுறியாகலாம்.

ஆயினும் அவர் அவசரப்படவில்லை. ஆறு வருஷங்கள் சென்று, 2001 ஜனவரியில், சிங்கராஜ வனத்தில் குரலுக்குரியதை நேரில் கண்டார். சாண் நீளமும் இல்லாத, செம்பழுப்பு நிறச் சிற்றாந்தை அது. காதுபோல் நிமிர்ந்த இறகுக் குடுமியும் அதற்கு இல்லை. பமீலா ராஸ்முஸன் அம்மையாருடன் சேர்ந்து 2004-ல் அதனைப் புதிய இனமென உலகுக்கு அறிவித்தார். 1868-க்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதற் புதுப் பக்ஷி அதுவே.

அதன் சாஸ்திரப் பெயர் தீலோ ஹாஃப்மன் என்பவரின் பெயரைத் தாங்கியது. 1970-களில் சிங்கராஜ வனத்தில் மரம் வெட்டப் புகுந்தபோது அதனை எதிர்த்துப் போராடியவர் அவர். காடு பிழைத்ததால் அல்லவோ குரலும் பிழைத்தது!

நேயர்களும் இம்முறையைக் கையாளலாம். புதுக்குரல் கேட்டால் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்வரம் எத்தனை, இடைவெளி எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பிற பக்ஷிகளின் குரலைப் பாவிக்கும் கரிச்சான் இனத்தாரிடம் ஏமாறாதீர்கள். பல நாள் ஒப்பிட்ட பின்னரே பெயர் சூட்டுங்கள்.

நம் பக்ஷிகளைப் பற்றிய பழைய நூல்களுள் பெரும்பாலானவற்றை அந்நியரே எழுதினர். இனி எழுத வேண்டியவற்றை நம் பிள்ளைகள் எழுதட்டும். அதற்கு முதற்படி, ஊர்த் தோப்பில் சற்று நேரம் வாய் மூடி நிற்கக் கற்பதேயாகும்.