நெரிசலில் நம் பங்கு



வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் தாமதமாக வரும்போதெல்லாம் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "சாலையில் ஒரே நெரிசல்!" அந்த நெரிசலில் நம் காரும் ஒன்று என்பதை மட்டும் சொல்வதில்லை.

நமது சிங்கப்பூர் 1975 ஜூன் மாதத்திலேயே நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. நாளுக்கு 3 வெள்ளி. நான்கு பேர் சேர்ந்து வந்த காருக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சலுகை 1989இல் நின்றது. 1998இல் ஈஆர்பி வந்தது. விரைவுச்சாலையில் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டருக்குக் கீழே போனால் கட்டணத்தை ஏற்றுவார்கள். 65ஐத் தாண்டினால் குறைப்பார்கள்.

கட்டணத்துக்குப் பயந்து எல்லாரும் வீட்டிலேயே இருந்துவிடுவதில்லை. சிலர் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார்கள். சிலர் எம்ஆர்டியில் ஏறுகிறார்கள். சாலை நிரம்பி வழியும் நேரத்தில் சில கார்கள் குறைந்தாலே மற்றவை நகரத் தொடங்கிவிடும்.

சென்ற வாரம் எண்ணிப் பார்த்தோம். 14 பேர் 9 கார்களில் வந்திருந்தோம். உட்லண்ட்ஸில் வேலை முடிந்து பேருந்தில் நின்றபடியே வந்த தம்பி, கூட்டம் பாதி முடிந்தபோதுதான் உள்ளே நுழைந்தான். அவனுடைய பேருந்துக்கு முன்னால் நின்றவை நம்மைப் போன்றோரின் கார்கள்தாமே?

இந்த வெள்ளிக்கிழமை நான்கு பேருக்கு ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். யார் யாரை ஏற்றிவருவது என்பதை வியாழக்கிழமைக்குள் பேசி முடிப்போம். அந்தத் தம்பிக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.