கயிறு யார் கையில்?

ஐந்து வயதுப் பிள்ளையை ஜப்பானிய மொழிப் பயிற்சியில் சேர்க்கும் ஆர்வம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களிலும் தலைகாட்டுகிறது. அம்மொழியன்றி வேறு மொழி பேசாத வகுப்பு. பிள்ளை அதிலேயே மூழ்கி எழ வேண்டும் என்பது முறை. பிடதியில் டொயோட்டா தொழிற்சாலை இயங்கும் வட்டாரம் இது. ஜப்பானியம் கற்றால் வாழ்வு வளம் பெறும் என்று பெற்றோர் எண்ணுவதில் தவறில்லை. அம்மொழியோடு எனக்கு வழக்குமில்லை. என் வழக்கு அப்பெற்றோர் கூறும் காரணங்களோடுதான்.

"இளமையில் எத்தனை மொழியையும் பிள்ளை பற்றிக்கொள்ளும்" என்பது ஒன்று. "தமிழ் எழுத்து எதற்கு? பிள்ளைக்குச் சுமை" என்பது மற்றொன்று. ஒரே வாய் இரண்டையும் கூறுகிறது! ஹிரகானா, கதகானா, அவற்றின்மேல் பொதுவழக்கிற்கென வகுத்த 2136 கான்ஜி எழுத்துகள், இவை சுமையல்லவாம். நம் 247 மட்டும் சுமையாம். எந்தத் தராசில் நிறுத்த எடை இது?

இம்முறைக்குப் புகழ் தேடித்தந்தது கனடாவின் செயின்ட் லாம்பெர்ட் என்னும் ஊர். 1965இல் அங்கு ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் பிரெஞ்சு மொழியிலேயே பள்ளியைத் தொடங்கினர். பிரெஞ்சு வந்தது, ஆங்கிலமும் குன்றவில்லை. ஏன்? வீட்டில் ஆங்கிலம், தெருவில் ஆங்கிலம், பின்னர்ப் பள்ளிப் பாடத்திலும் ஆங்கிலம். முத்துக்குளிப்பவன் துணிந்து மூழ்குவது, தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருக்கும் நம்பிக்கையால். நம் பிள்ளைகளோ மழலை வகுப்பிலேயே ஆங்கிலத்துள் மூழ்கியவர்கள். இனி ஜப்பானியத்திலும் மூழ்கட்டும்; தமிழ்க் கயிறு யார் கையில் இருக்கிறது?

இன்னொன்றும் கேளுங்கள். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழ் பயின்று, இரு மொழிக்கும் உறவுண்டு என்று நூல்கள் எழுதினார். அம்முடிவை அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஆயினும் அமைப்பொற்றுமை கண்கூடு: இரண்டிலும் உருபு பெயருக்குப் பின்னே வரும், வினை இறுதியில் நிற்கும். தமிழ் வாக்கியம் அமைக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஜப்பானிய வாக்கியம் அந்நியமாகத் தோன்றாது. அந்த ஏணியை உதைத்துவிட்டா மாடிக்கு அனுப்புவது?

கன்னடமோ கட்டணமில்லாப் பயிற்சி. தெருவில் விளையாட விட்டாலே வந்துவிடும். அது நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி, கற்றேயாக வேண்டும். ஆனால், நடுவணரசு எழுத்தர்களாகிய எங்களுக்கு இடமாற்ற ஆணை வந்தால் பிள்ளையின் பள்ளி மாறும். தெருவின் மொழியும் மாறும். மாறாது உடன்வரக் கூடியது வீட்டுமொழி ஒன்றே. அதையும் கைவிட்டால், ஊரிலிருந்து பாட்டி எழுதும் நான்கு வரியைப் பேரனுக்குப் பிறர் படித்துக் காட்ட வேண்டும். அவள் உயிரோடு இருக்கும்போதே அவள் குரல் மொழிபெயர்ப்பாகிவிடும்.

அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை, 18 ஆண்டுகளுக்குப் பின் 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று ஆரவாரித்தோமே! அச்சிலையின் முன் நிறுத்தினால், நம் பிள்ளைக்குக் குறள் ஒன்றைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமா? சிலையின் திரையை அரசுகள் அகற்றின. பிள்ளையின் கண்திரையை அகற்ற எந்த அரசு வரும்?

பெற்றோர்களே, ஜப்பானிய வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைத் தமிழுக்குத் தாருங்கள். நாளைக்கு அரைமணி, ஒரு பக்கம் வாசிப்பு, வாரம் ஒரு கடிதம். இதற்குக் கட்டணமில்லை, ஆசிரியர் வீட்டிலேயே இருக்கிறார். அவர் தொலைக்காட்சியை அணைத்தால் போதும்.