காவலாளியின் துப்பாக்கிக்கு விலக்கு உண்டு



தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் வங்கிக் காவலாளிகளுக்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் விலக்கு உண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முன்னாள் ராணுவத்தான் நான். வங்கி வாசலில் சொந்த இரட்டைக்குழல் துப்பாக்கியோடுதான் வேலை. போன தேர்தலில் மேலாளர் கொடுத்த கடிதத்தை நீட்டியும், "முதல்ல ஒப்படைங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்கள். வெறுங்கையோடு நிற்கும் காவலாளிக்கு யார் சம்பளம் தருவார்?

சென்னையில் உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் 5 ஆண்டு செல்லும். ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். இதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. விலக்குக்கு எந்தச் சான்றோடு யாரைப் பார்ப்பது என்பதை மட்டும் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, நிலையத்துச் சுவரில் ஒட்டட்டும்.

– ஒரு வாசகர், வேளச்சேரி