லேக் ரெண்டு வகை

கொடைக்கானலில் ‘லேக்’ என்றால் ஏரி. மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை 1863-ல் ஏற்படுத்தியது. அதில் படகு விடலாம், கரையோரம் சைக்கிள் விடலாம். எங்கள் செண்பகனூர்ப் பையன்கள் சொல்கிற ‘லேக்’ வேறு. கம்ப்யூட்டர் கேமில் இன்று பட்டனைத் தட்டினால் ஆள் நாளைக்கு நடப்பான். இதில் படகு விட முடியாது, கடன் வாங்கலாம்.

பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரர் வாங்குவதாகத்தான் இருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் மகனின் லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் நொண்டுகிறது. “மெஷின் பழசு, புதுசு 60,000 ஆகும்” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சீசன் இல்லாத மாதம். வீட்டம்மாவின் செயின் பேங்குக்குக் கிளம்பத் தயார்.

“ஏண்ணே, வண்டி மேடு இழுக்கலேன்னா இன்ஜினையா மாத்துவீங்க?” என்றேன்.

“சேச்சே! முதல்ல ஏர் ஃபில்டரைப் பாப்பேன் சார்.”

இங்கேயும் அதேதான்.

மைன்கிராஃப்ட் 2011-ல் முழுசாக வெளிவந்த விளையாட்டு. கட்டை கட்டையாக அடுக்கி ஓர் உலகமே கட்டலாம். அதில் புது மிருகம், புது மெஷின், பளபளக்கும் தண்ணீர் என்று வெளியாட்கள் எழுதிச் சேர்க்கும் ஒட்டுவேலைகளுக்கு ‘மாட்’ என்று பெயர். பையன் 64 மாட் வைத்திருந்தான். “கட்ட இடம் ஏதுடா?” என்றாள் பாட்டி.

முதலில் நோயைப் பிரிக்க வேண்டும். எஃப்3 பட்டனைத் தட்டினால் திரையிலேயே ரிப்போர்ட் வரும். படம் திக்கித் திக்கி வந்தால் வரைகிற வேலையில் கஷ்டம். படம் வழுக்கிக்கொண்டு ஓடியும் கோழி நின்று நின்று நடந்தால், உள்ளே கணக்கில் தாமதம். அந்த உலகம் செகண்டுக்கு 20 தடவை துடிக்க வேண்டும். ஒரு துடிப்பின் வேலை 50 மில்லி செகண்டுக்குள் முடியாவிட்டால் சகலமும் மந்தம். வெளி சர்வரில் ஆடும்போது மட்டும் இழுத்தால் நெட்டைச் சந்தேகப்படலாம். இவன் தனியாக ஆடுகிறவன், நெட் நிரபராதி.

பையனுக்கு முதல் இரண்டு வியாதியும் இருந்தது. ஆரம்பத்தில் நன்றாக ஓடி, பத்து நிமிஷத்தில் திக்கல். லேப்டாப் இருந்த இடத்தைப் பார்த்தேன்: கட்டில்மேல், கம்பளிமேல்! எங்கள் ஊர்க் குளிருக்கு மனுஷனுக்குக் கம்பளி சரி; லேப்டாப்புக்கு மூக்கு அடியில் அல்லவா இருக்கிறது? அதை அடைத்து, பிராசஸர் சூடு 100 டிகிரியை நெருங்கினால், தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு பலகையில் தூக்கி வைத்தோம். திக்கல் போச்சு.

அடுத்தது மெமரி. மொத்தம் 8 ஜி.பி.; அதில் 7-ஐ கேமுக்கே தாரை வார்த்திருந்தான். விண்டோஸ் பட்டினி. 4 ஆக்கினோம். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எந்த மருந்து கேட்டது என்று தெரியாது.

கோழி மட்டும் இன்னும் நின்று நின்று நடந்தது. இனி மாட்தான் பாக்கி. அதில் ஓர் ஆபத்து உண்டு. மாட்டை எடுத்தால் அது கொடுத்த கட்டைகளும் மாயமாகிவிடும். பையன் தன் உலகத்தில் வத்தலக்குண்டு மலைப்பாதையை வளைவு வளைவாகக் கட்டி வைத்திருக்கிறான், இரண்டு வருஷ உழைப்பு. அதனால் முதலில் உலகத்தை ஒரு காப்பி எடுத்தோம். (பிரம்மாவுக்கு இந்த வசதி கிடையாது.)

பிறகு காப்பியில் சோதனை. 64-ல் பாதியை நீக்கி ஓட்டு. சரியானால் குற்றவாளி நீக்கியதில்; ஆகாவிட்டால் மிச்சத்தில். 32, 16, 8, 4, 2, 1... ஆறே சோதனையில் ஆள் அகப்பட்டான். ஒன்றை நம்பி இன்னொன்று ஓடும் மாட்கள் உண்டு. அந்த ஜோடியை மட்டும் பிரிக்கக் கூடாது. பிடிபட்டது, காட்டு மிருகங்களைக் கூட்டம் கூட்டமாக இறக்கிவிடும் ஒரு மாட். வெளியே அனுப்பினோம். கோழி ஒழுங்காக நடந்தது.

செலவு ஒரு பலகை. செயின் கழுத்திலேயே இருக்கிறது.

டாக்ஸிக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“சார், இவன் கெமிஸ்ட்ரில ஏன் லேக் ஆகறான்னு இதே மாதிரி பாதி பாதியாப் பிரிச்சுப் பாத்துடலாமா?”

பையன் அதற்குள் நிஜ லேக் பக்கம் போய்விட்டான்.