பரிட்சை எழுத விடாத அரசும், பட்டம் தர மறுத்த ஆளுநரும்



நவம்பர் 15, தோழர் என்.சங்கரய்யா மறைந்த நாள். 2023-ல் தனது 102-ஆவது வயதில் சென்னையில் நம்மை விட்டுப் போனார். வழக்கம்போல படம் போட்டு, செவ்வணக்கம் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அவரைப் பற்றி நாம பேசுற பேச்சு ஒரே இடத்தில் நின்னுபோச்சோ என்ற கவலையில்தான் இந்தப் பதிவு.

அவர் பெயரைச் சொன்னதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது டாக்டர் பட்ட விவகாரம். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க முடிவு செய்தது. ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பர் 2 அன்று நடந்த பட்டமளிப்பு விழாவை உயர்கல்வி அமைச்சர் பொன்முடி புறக்கணித்தார். அடுத்த 13-ஆம் நாள் சங்கரய்யா காலமானார். கோபம் வரத்தான் செய்யும், வரணும்.

ஆனால் இவருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது இது முதல் தடவை இல்லை. 1941 பிப்ரவரியில் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். இறுதித் தேர்வுக்கு இன்னும் 15 நாள்தான். பையன் வக்கீல் ஆவான் என்று வீட்டில் காத்திருந்தார்கள். பிரிட்டிஷ் போலீஸ் வந்து கைது செய்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதைக் கண்டித்து மாணவர்களைத் திரட்டியதுதான் குற்றம். அந்தத் தேர்வை அவர் எழுதவே இல்லை. அதுக்காக அவர் எங்கேயும் புலம்பினதாகவும் தெரியலை.

அதுக்கப்புறம் சிறை. மொத்தக் கணக்கு 8 ஆண்டுகள். மதுரை சதி வழக்கில் பி.ராமமூர்த்தியோடு உள்ளே இருந்தவர், 1947 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திரத்துக்கு முந்தைய நாள் வெளியே வந்தார். அடுத்த மாதமே நவமணி அம்மாவோடு கல்யாணம். அவர் ஒரு ஆசிரியை, கிறிஸ்தவக் குடும்பம். மதம் பார்க்காத கல்யாணம், அதுவும் 1947-ல்! ஆணவக் கொலைச் செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திர நாட்டில் நிம்மதியா குடும்பம் நடத்த விட்டார்களா? 1948-ல் கட்சிக்குத் தடை. சுதந்திரத்துக்காகச் சிறைக்குப் போனவர், சுதந்திர இந்தியாவில் தலைமறைவாகத் திரிய வேண்டியிருந்தது. 1964 ஏப்ரலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேரில் இவரும் ஒருவர். அந்த 32 பேரில் கடைசியாக இருந்த கேரளத்துத் தோழர் வி.எஸ்.அச்சுதானந்தனும் 2025 ஜூலையில் போய்விட்டார். சட்டமன்றத்துக்கு 1967-ல் மதுரை மேற்கிலிருந்தும், 1977, 1980-ல் மதுரை கிழக்கிலிருந்தும் போனார். 1995 முதல் 2002 வரை மாநிலச் செயலாளர். 2021-ல் தமிழக அரசின் முதல் 'தகைசால் தமிழர்' விருது இவருக்குத்தான். கூடவே வந்த 10 லட்சம் ரூபாயை அப்படியே முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

ஆவடி ரோடு வந்து சேருகிற கரையான்சாவடி ஜங்ஷனில் விடியற்காலை நின்னு பாருங்க. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கம்பெனி பஸ்கள் வரிசையா போகும். உள்ளே பாதித் தூக்கத்தில் இருக்கிற தம்பி தங்கச்சிகளில் பலர் டிப்ளமோவோ டிகிரியோ முடித்தவர்கள். சங்கரய்யாவுக்குக் கிடைக்காத பட்டம் இவர்கள் கையில் இருக்கு. சங்கம் இருக்கா?

அதே பாதையில் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கு சுங்குவார்சத்திரம். 2024 செப்டம்பர் 9-ல் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள். 'எங்க சங்கத்தைப் பதிவு செய்யுங்க' என்பது முக்கியக் கோரிக்கை. தொழிற்சங்கச் சட்டம் 1926-லேயே வந்தாச்சு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் தந்த உரிமையை வாங்க, நம்ம ஆட்கள் உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

இங்கே ஆளுநரை மட்டும் திட்டினால் போதாது. சங்கரய்யாவுக்கு விருது கொடுத்துப் பெருமைப்படுத்திய அதே மாநில அரசின் தொழிலாளர் துறைதான் அந்தப் பதிவை இழுத்தடித்தது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேற்றியதும் அதே அரசுதான். எதிர்ப்பு வெடித்த பிறகு மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். தோழமைக் கட்சிகளும் எதிர்த்து நின்றதால்தான் அது நடந்தது. கூட்டணி வேற, தொழிலாளி உரிமை வேற. இதைச் சொல்ல நாம் யாரும் தயங்க வேண்டியதில்லை.

அந்த டாக்டர் பட்டம் வந்திருந்தால் மகிழ்ச்சிதான். வராததால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நம்ம ஏரியாவில் ஒரு கம்பெனியில் நாலு பேர் கூடிப் பேசினாலே ஆள் தூக்கிவிடுவார்கள் என்ற பயம் இருக்கே, அது அவருக்கு நாம் வைத்திருக்கும் பாக்கி.

நாளைக்குக் காலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறினதும் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுங்க. கான்ட்ராக்டா, பர்மனென்டா? எத்தனை வருஷமா? ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம் வருதா? சங்கம்னா என்ன தெரியுமா? பதில் என்னவென்று உங்கள் பகுதிக் கிளைத் தோழரிடம் சொல்லுங்க. மிச்சத்தைச் சேர்ந்து பேசுவோம்.