காற்றாலைக்கு நிலம் கொடுக்கும் முன்

ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, கயத்தாறு, உடுமலைப் பக்கம் போனால் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்க்கலாம். மின்சாரத்துக்காகவே வந்த இயந்திரம் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் அது முதலில் விவசாயியின் கருவி.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிழக்குப் பாரசீகத்தில் காற்றைக் கொண்டு தானியம் அரைத்தார்கள். நெதர்லாந்தில் தாழ்ந்த நிலத்தில் தேங்கிய நீரைக் காற்றாலையால் வடித்து வயலாக்கினார்கள். அமெரிக்காவில் டேனியல் ஹாலடே 1854-ல் உருவாக்கிய காற்றாலை, காற்றின் திசைக்குத் தானே திரும்பி, கிணற்று நீரை இறைத்தது.

மின்சாரம் பிறகுதான் வந்தது. 1887-ல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் காற்றாலை மின்சாரத்தில் தன் வீட்டுக்கு விளக்கேற்றினார். 1891-ல் டென்மார்க்கின் அஸ்கோவ் கிராமத்தில் பவுல் லா கூர் என்ற ஆசிரியர் அதே வேலையைத் தொடங்கினார். கிராமங்களுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அந்நாட்டு விவசாயிகளும் ஊர்மக்களும் கூட்டாகப் பணம் போட்டுக் காற்றாலை வாங்கினார்கள். மின்சாரம் விற்ற வருமானம் அவர்களுக்கே வந்தது.

தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. ஆனால் இங்கே நிலத்தை விற்ற விவசாயிக்கு அதன் பிறகு வருமானத்தில் பங்கில்லை.

இப்போது இன்னொரு வாய்ப்பு வருகிறது. 20 ஆண்டு கடந்த காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் தமிழக அரசு 2024-ல் கொள்கை வெளியிட்டது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். உயரே போனால் காற்று வலுக்கும். அதனால் புதியவை உயரமானவை, இறக்கைகளும் நீளமானவை. அவற்றைக் கொண்டுவர அகலமான பாதை வேண்டும். எனவே உங்கள் நிலத்தையும் கேட்டு வரலாம்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: விற்பனையா, குத்தகையா? குத்தகை என்றால் தொகை ஆண்டுதோறும் உயருமா? அடித்தளம் போக மீதி நிலத்தில் பயிர் செய்யலாமா? பாதை போடும்போது வாய்க்காலும் வரப்பும் என்னவாகும்? ஆயுள் முடிந்தபின் கான்கிரீட்டை யார் அகற்றுவது? வாய்ப்பேச்சு போதாது, பதில்கள் பதிவு செய்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

விரிவாக்க அலுவலர்கள் இந்தக் கேள்விகளைக் கிராமசபை வரை கொண்டுசெல்லுங்கள். தனியாகப் பேரம் பேசுவதைவிட ஊராகச் சேர்ந்து பேசினால் நல்ல விலை படியும்.